அந்த வயலினை நிறுத்துங்கப்பா

சக்கர நாற்காலிக்கு விளம்பரம் எடுப்பது எப்படி என்று எனக்கு மனப்பாடம். முதலில் ஒரு ஜன்னல். வெளியே பிள்ளைகள் பந்து விளையாட வேண்டும். உள்ளே ஒருவர் அதை ஏக்கத்தோடு பார்க்க வேண்டும். வயலின் இழுக்கும். கதவு திறந்து, வெளிச்சம் பொங்க, சாமி புறப்பாடு மாதிரி நாற்காலி வரும். கடைசியில் அவர் கடற்கரையில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். மணலில் சக்கரம் எப்படி உருண்டது என்று கேட்கக் கூடாது. மெரினாவில் நான் ஒருமுறை முயன்றேன். பத்தடி போவதற்குள் முன்சக்கரம் புதைந்து, நான்கு பேர் பல்லக்குத் தூக்குவதுபோல என்னைத் தூக்கி வந்தார்கள். (அங்கே மரப்பாதை வந்தது 2022 நவம்பரில். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பதம் பார்த்தது. பிறகு சரிசெய்தார்கள்.)

அந்த முப்பது விநாடியில் இருக்கையின் அகலம் வராது, எடை வராது, பிரேக் வராது, பழுதானால் யாரிடம் போவது என்பதும் வராது. பிரஷர் குக்கர் விற்கிறவன்கூட கேஸ்கெட்டைக் காட்டுகிறான். என் நாற்காலியை விற்கிறவன் கண்ணீரைக் காட்டுகிறான். காரணம் எளிது: அந்த விளம்பரம் எனக்கு எடுத்தது இல்லை. பர்ஸ் வைத்திருக்கும் மகனுக்கு, நன்கொடை தரும் சங்கத்துக்கு, பிறந்தநாள் கொண்டாடப்போகும் தலைவருக்கு எடுத்தது.

“சரி, சோகம் வேண்டாம், காமெடி பண்ணுவோம்” என்று இன்னொரு கூட்டம் கிளம்பும். அது இதைவிட ஆபத்து. காதொலிக் கருவி என்றால் அவர்களுக்குத் தெரிந்தது ஒரே ஜோக். “தாத்தா, மருந்து சாப்பிட்டியா?” “விருந்தா? எங்கேடா?” குடும்பமே உருண்டு புரண்டு சிரிக்கும். கருவியை மாட்டியதும் தாத்தா மறுபடி மனுஷராகிவிடுவார். வாங்க வருகிறவரைக் கோமாளியாக்கிவிட்டு அவரிடமே காசு கேட்கும் துணிச்சல் வேறெந்த வியாபாரத்துக்கு உண்டு? பழியை விளம்பரக்காரர்கள் தலையில் மட்டும் கட்ட மாட்டேன். 1991-இல் ‘சின்னத்தம்பி’யில் கவுண்டமணியின் மாலைக்கண்ணைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர்கள் நாம்தான். நானும்தான்.

பெரிய கம்பெனிக்குப் புத்தியும் பெரிதாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். 2000-இல் நைக்கி நிறுவனம் மலையில் ஓடுவதற்கான ஒரு காலணிக்கு அமெரிக்கப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தது. அதன் சாரம்: இந்தக் காலணி இல்லாமல் ஓடினால் மரத்தில் மோதி முதுகெலும்பு போய்விடும், பிறகு எச்சில் ஒழுக, உருக்குலைந்து, மோட்டார் நாற்காலியில் சுற்ற வேண்டியதுதான். எழுதியவர் சிரித்துக்கொண்டேதான் எழுதியிருப்பார். மாற்றுத்திறனாளிகள் கொதித்தெழுந்த பிறகு விளம்பரம் நின்றது, மன்னிப்பும் வந்தது. சாப்பிடாத குழந்தைக்குப் பூச்சாண்டி காட்டுவார்களே, அந்தப் பூச்சாண்டி வேலைக்கு என் உடம்பை எடுத்துக்கொண்டார்கள். சம்பளம்கூடக் கிடையாது.

அப்படியானால் சிரிக்கவே கூடாதா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். 2016-இல் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி, மாற்றுத்திறனாளிகளை நடுவில் வைத்து நல்ல விளம்பரம் எடுப்பவருக்குப் பத்து லட்சம் பவுண்டு மதிப்புள்ள ஒளிபரப்பு நேரம் என்று போட்டி வைத்தது. வென்றது மால்டீசர்ஸ் சாக்லேட். ரியோ பாராலிம்பிக் சமயத்தில் அந்த விளம்பரங்கள் வந்தன. ஒன்றில், சக்கர நாற்காலிப் பெண் ஒருத்தி கல்யாண வீட்டில் ஆடும்போது மணப்பெண்ணின் காலிலேயே சக்கரத்தை ஏற்றிய கதையைச் சொல்கிறாள். இன்னொன்றில், தன் காதொலிக் கருவியை நாய் விழுங்கிவிட்டதை ஒருத்தி தோழியிடம் சைகை மொழியிலேயே சொல்கிறாள். அதே காதொலிக் கருவிதான். ஆனால் இங்கே ஜோக்கைச் சொல்வது அவள்; முழிப்பது மற்றவர்கள். முழிக்கட்டுமே, நாங்கள் எத்தனை வருஷமாக முழிக்கிறோம்! அதைவிட, அவளைச் சாக்லேட் வாங்கித் தின்னும் ஓர் ஆளாக மதித்தார்களே, அங்கேதான் எனக்குப் பொறாமை.

நம் உச்ச நீதிமன்றமும் 2024 ஜூலையில் ஓர் இந்திப் பட வழக்கில் இந்த இரண்டு சிரிப்பையும் பிரித்துக் காட்டியது: ஊனத்தைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, ஊனமுற்றவரை இழிவுசெய்யும் நகைச்சுவை வேறு. பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவு வேறு இருக்கிறது. அருமையான பிரிவு. ஃப்ரேம் போட்டு மாட்டலாம்.

எங்கள் பக்கத்து முகாம் ஒன்றில் எனக்கு மூன்று சக்கர வண்டி கொடுத்தார்கள். அதன் முதுகில் கொடுத்தவரின் சிரித்த முகம், என் முதுகைவிட அகலமாக. மிதிக்கக் கால் இல்லாததால் கையால் சுற்றுகிறவன் நான். ஊர்வலம் போகிறவர் அவர். ஒரே மழைக்காலத்தில் செயின் துருப்பிடித்துவிட்டது. ஸ்டிக்கர் இன்னும் பளபளக்கிறது.

கடைசியில் சொந்தக் காசில் ஒரு நாற்காலி வாங்கலாம் என்று தங்கையோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் அவளிடம் கேட்டார்: “சாருக்கு என்ன சைஸ் வேணும்?”

“பதினெட்டு இஞ்ச்” என்றேன் நான்.

அவர் தங்கையைப் பார்த்து வியந்தார்: “அட, நல்லாப் பேசுறாரே!”

5 சதவீத ஜிஎஸ்டி போட்ட பில்லை மட்டும் நேராக என்னிடமே நீட்டினார்.