இஞ்சியின் வேர் எங்கே?

கேள்வி: ஆங்கிலேயரின் 'ஜிஞ்சர்' நம் 'இஞ்சி வேர்'தான் என்கிறார்களே, உண்மையா, வெறும் பெருமைப் பேச்சா?

பதில்: பெருமையில் கலப்படம் உண்டு, சரக்கு அசல்தான். ஆனால் நேராகப் போகவில்லை. பாலியில் 'சிங்கிவேர', கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்', லத்தீனில் 'சிங்கிபெர்' என்று ஊர் ஊராகத் தங்கி, பிரெஞ்சு வழியாகத்தான் 'ஜிஞ்சர்' ஆனது. அரபியின் 'சஞ்சபீல்' இதே குடும்பத்தின் இன்னொரு கிளை. சமஸ்கிருதத்தில் 'சிருங்கவேர' இருக்கிறதே, சிருங்கம் என்றால் கொம்பு, கொம்பு போன்ற உடம்புடையது என்று பொருள் வருகிறதே என்பார்கள். அது வந்த விருந்தாளிக்குப் பிறகு சூட்டிய பட்டப்பெயர். மண்ணுக்குள் விளையும் பொருளின் பெயரில் 'வேர்' இருந்தால், அதற்கு 'உடம்பு' என்று பொருள் தேடுவானேன்? சரி, தமிழில் முதல் 'ச' எங்கே? தமிழ் சகர முதலை உதறும் பழக்கமுள்ளது: சிறகு இறகானது, சிப்பி இப்பியானது. அப்படியே பழைய 'சிங்கி'யும் இஞ்சியானது என்பது மொழியியலாரின் கணிப்பு. உடனே ஜெர்மானியரின் 'இங்வெர்' மதுரையிலிருந்து நேராகப் போனது என்று கிளம்பிவிடாதீர்கள். அதுவும் லத்தீன் வழி வந்து, தன் பாட்டுக்கு முதலெழுத்தைத் தொலைத்தது. தாய்லாந்தில் 'கிங்', சீனத்தில் 'ஜியாங்' என்பதால் 'இஞ்சி' என்ற பாதியே கிழக்கிலிருந்து வந்திருக்கலாம் என்போரும் உண்டு. இஞ்சி தின்ற குரங்காக முகம் சுளிக்காதீர்கள். தலை யாருடையதானாலும் வேர் நம்முடையது!