கூடமும் கோணல் இல்லை, காலும் கோணல் இல்லை

கே: மகனுக்குப் பரதம் கற்க ஆசை. "நீ என்ன பொம்பளப் புள்ளையா?" என்று அதட்டுகிறார் தாத்தா. (ஒரு தாய், கும்பகோணம்)

ப: பக்கத்துத் தஞ்சாவூரைக் காட்டுங்கள். 19ஆம் நூற்றாண்டில் பரதக் கச்சேரிக்கு முறை வகுத்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு நால்வரும் ஆண்கள்தான். தில்லையில் தூக்கிய திருவடி யாருடையது என்றும் தாத்தாவிடமே கேளுங்கள்.

கே: வயது 44. இனிமேல் சலங்கை கட்டினால் ஊர் சிரிக்காதா?

ப: பதின்ம வயதில் ஆட்டத்தை நிறுத்திய கலாநிதி நாராயணன், நாற்பதைத் தாண்டி, 1973இல் திரும்பி வந்தார். அதன்பின் நாட்டியக்காரர்களே அவரிடம் அபிநயம் கற்க வந்தார்கள். 1985இல் பத்மபூஷண் கிடைத்தது. முழங்கால் வலி இருந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஊரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

கே: கறுப்பு, குண்டு. எனக்கு மேடை சரிவருமா?

ப: பரதக் கலைஞர் பாலசரஸ்வதி 1962இல் அமெரிக்காவில் ஆடியபோது அவருக்கு ஒல்லி உடம்பு இல்லை. அவர் முகத்தில் வந்த பாவத்தை யாரும் எடைபோட்டுப் பார்க்கவில்லை. நிறத்துக்கு ஒரே யோசனை: மேக்கப்காரரிடம், "முகமும் கழுத்தும் ஒரே ஆளுடையதாக இருக்கட்டும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

கே: திருநங்கைக்கு எந்தக் குரு கற்றுத்தருவார்?

ப: மதுரையில் பிறந்த திருநங்கை நர்த்தகி நடராஜுக்குக் கற்றுத்தந்தவர், அந்தத் தஞ்சை நால்வரின் வழிவந்த கிட்டப்பா பிள்ளை. சிஷ்யை 2019இல் பத்மஸ்ரீ வாங்கினார். தேடுங்கள், கதவைத் திறக்கும் குருவும் இருக்கிறார்.

கே: பரதம் "பெரிய வீட்டு"ப் பிள்ளைகளுக்குத்தான் என்று ஒதுங்குகிறோம். சரியா?

ப: 1935இல் ருக்மிணி தேவி பரதம் ஆட மேடையேறியபோது எழுந்த கேள்வியே வேறு: "கௌரவமான வீட்டுப் பெண் ஆடலாமா?" அதுவரை இந்தக் கலையைக் கட்டிக்காத்த தேவரடியார் மரபுப் பெண்களை ஊர் அவ்வளவு இழிவாகப் பேசியிருந்தது. சில பத்தாண்டுகளில் பேச்சு தலைகீழானது. மனிதர் நட்ட வேலிதான், பிடுங்கினால் வரும்.

கே: திருவிழாவில் துள்ளி ஆடிய மகள், 13 வயதில் "எனக்கு ஆட வராது" என்கிறாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதானே?

ப: இல்லை. அவள் கூடத்தைக் குறை சொல்லவில்லை, தன்னையே சொல்கிறாள். யாரோ அவளைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். துருவிக் கேட்காதீர்கள். கதவைச் சாத்திவிட்டு, அவளுக்குப் பிடித்த பாட்டைப் போட்டு, முதலில் நீங்கள் ஆடுங்கள்.