தோகையில்லா மயில் மயிலாகுமா? ரமணாசிரமச் சுற்றுவட்டாரச் சிறார் சொல்லறிவு பற்றிய பேராய்வு

குழந்தை சொல் கற்கும் வழிகள் நான்கு. ஒன்று, யாராவது சொல்லித் தருவது. இரண்டு, யாரும் சொல்லித் தராமலிருப்பது. மூன்று, மயில். நான்கு, ஒட்டகம்.

முதல் வகைக்கு விளக்கம் வேண்டியதில்லை (பாட்டி, வாய்மொழி).

இரண்டாவதற்கு அமெரிக்கச் சான்று உண்டு. 1978-இல் வெளியான ஆய்வில் சூசன் கேரியும் எல்சா பார்ட்லெட்டும் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளிடம், நீலத் தட்டு வேண்டாம், ‘குரோமியம்’ தட்டை எடுத்து வா என்றார்கள். இருந்தவை இரண்டே தட்டுகள். மற்றது ஆலிவ் பச்சை. அதுதான் குரோமியம் போலும் என்று பிள்ளைகள் எடுத்து வந்தார்கள். சில நாள் கழித்தும் பலருக்கு அந்தச் சொல் அரைகுறையாக நினைவிருந்தது. ‘அது இல்லடா, இன்னொரு தட்டு’ என்று இதே சோதனையை ரமணாசிரமம் இருக்கும் திருவண்ணாமலையில் தினமும் சாப்பாட்டு வேளையில் நடத்துகிறார்கள். யாரும் கட்டுரை எழுதாததால் அது அறிவியலாகவில்லை.

இனி மயில். சுவரில் தொங்கும் அரிச்சுவடிப் படத்தில் ‘ம’வுக்கு நேரே மயில், விரித்த தோகையோடு. செங்கம் சாலையில், ஆசிரம மதில்மேல் நிற்பதோ பழுப்பு நிறப் பெட்டை. ஆய்வுக்கு உட்படுத்தப்பட்ட மூன்று வயதுச் சிறுமி அதைப் பார்த்துக் ‘கோழி’ என்றாள். உள்ளேயிருந்து இன்னொன்று அகவியதும் ‘பூனை’ என்று திருத்திக்கொண்டாள்.

“மயிலுதான்டி கண்ணு.”

“அப்போ விசிறி எங்க?”

இந்தக் கேள்வியால் அறிஞருலகம் பிளவுபட்டது (மேற்படி பாட்டி, மதியத் தூக்கத்துக்குப் பிந்தைய திருத்திய பதிப்பு, அதற்கு மருமகளின் மறுப்புரை, மறுப்புரைக்கு எதிர்வீட்டாரின் அரும்பதவுரை. மூன்றிலும் இடைச்செருகல் உண்டு, எதிர்வீட்டார் பிரதியில் கடைசி ஏடு செல்லரித்தது). 1960-இல் குவைன் என்ற தத்துவ அறிஞர், ஓடும் முயலைக் காட்டி ஒருவன் ‘கவகாய்’ என்றால் அது முயலையா, முயலின் ஓர் உறுப்பையா குறிக்கிறது என்று கேட்டுப் பலர் தூக்கத்தைக் கெடுத்தார். சிறுமி அதற்கு விடை கண்டுவிட்டாள். மயில் என்பது விசிறி. பறவை அதைச் சுமக்கும் ஆள். ஆண்டுதோறும் இனப்பெருக்கக் காலம் முடிந்து தோகை உதிர்ந்ததும் ஆணுக்கும் அந்தப் பெயர் போய்விடும். மறுபடி முளைக்கும்வரை அதுவும் கோழி.

ஒரு சொல்லைக் கண்டதற்கெல்லாம் பொருத்துவது இரண்டு வயதில் இயல்பு. முனைவர் பட்டத்துக்குப் பிறகும் நீடித்தால் அதைக் கோட்பாடு என்பார்கள்.

கற்ற சொல் நினைவில் நிற்பது பற்றி ஒரு குறிப்பு. ஆசிரமத்துக்குப் பெயர் தந்த ரமணரின் அட்சரமணமாலையின் 108 கண்ணிகளும் அகரவரிசையில் தொடங்குபவை. அடியார்கள் பிச்சைக்குப் போகையில் பாடுவதற்காக எழுந்தவை. ஒன்று முடிந்தால் அடுத்த எழுத்தே அடுத்த கண்ணியை எடுத்துக் கொடுக்கும். இதை ‘அகரநிரல்சார் மீட்டெடுப்பு உத்தி’ என்று பெயரிட்டுக் கருத்தரங்கில் வாசிக்கலாம். போகவரப் பயணப்படியும் கிடைக்கும்.

ஒட்டகம்: இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் படத்தில் மட்டுமே கண்டது. ஒருவரும் பிழையாகச் சொல்வதில்லை.

எனவே சிறாரின் சொல்லறிவு செம்மைப்பட, மயில்களை ஊரைவிட்டு அப்புறப்படுத்துமாறு இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. கோழிகள் இருக்கலாம்.