அரைக்கால் சட்டை அரிச்சந்திரன்

ஐந்தாறு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் ரகசியம் தங்காது. அவன் எந்தக் கட்சியிலும் சேராதவன். "அண்ணி, நீங்க குடுத்த அதிரசம் எல்லாருக்கும் பிடிச்சுது" என்று அம்மா வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருப்பாள். "கடிக்க முடியலன்னு மாட்டுக்குப் போட்டியேம்மா?" என்பான். குரலில் துளி விஷமம் இருக்காது. அம்மா மறந்துவிட்டாளே என்று எடுத்துக் கொடுக்கிறானாம்.

பஸ்ஸில் இவன் இன்னும் ஆபத்தானவன். தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளில் 5 வயது வரை டிக்கெட் இல்லை என்று 2022-இல் அறிவித்தார்கள். கண்டக்டர் பிள்ளையை ஏற இறங்கப் பார்த்ததுமே அம்மா முந்திக்கொள்வாள்: "நாலரைதாங்க." உடனே பக்கத்திலிருந்து, "எனக்கு ஆறு! கேக் வெட்டினோமே!" பர்ஸைத் தேடுகிற சாக்கில் அம்மா தலை நிமிரமாட்டாள்.

அதற்காக இவன் பொய்யே சொல்லமாட்டான் என்று நம்பிவிடக் கூடாது. சொல்வான், சொல்லத்தான் தெரியாது. "டப்பாவை நான் திறக்கவே இல்ல. உள்ள ரெண்டு லட்டுதான் இருக்கு." விக்டோரியா டால்வரும் காங் லீயும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் இதே கூத்துதான். பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்து, "திரும்பிப் பார்க்காதே" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். பெரும்பாலான பிள்ளைகள் பார்த்தார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோர் பார்க்கவில்லை என்று சாதித்தார்கள். "சரி, பின்னால் என்ன இருக்கும் என்று நினைக்கிறாய்?" என்றதும் சின்னதுகள் பொம்மையின் பெயரைச் சொல்லி மாட்டிக்கொண்டன.

இவனுடைய சட்டப் புத்தகமும் வேறு. குழந்தை உளவியல் அறிஞர் பியாஜே 1932-லேயே அதைப் புரட்டிக் காட்டினார். மாட்டளவு நாயைப் பார்த்தேன் என்பது பெரிய பொய். அப்படி ஒரு நாய் இருக்கவே முடியாதே! வாத்தியார் நல்ல மார்க் போட்டார் என்று புளுகுவது சின்னப் பொய், நடக்கக்கூடியதுதானே? பெரியவர்கள் வழக்கில் தீர்ப்பு தலைகீழ். நம்பும்படி சொல்கிறவனைத்தான் நாம் எமகாதகன் என்போம்.

இப்படிப்பட்டவனை நாம்தான் பழக்கியெடுக்கிறோம். காலையில், பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். சாயங்காலம், மாமா எது கொடுத்தாலும் நல்லா இருக்குன்னு சொல்லணும். மாமா ஜியோமெட்ரி பாக்ஸை நீட்டுகிறார். பையன் விறைப்பாக நின்று, "ரொம்ப நல்லா இருக்கு மாமா" என்று ஒப்பிக்கிறான். அம்மாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. அவனோ அவள் பக்கம் திரும்பி, கூடமே கேட்கும்படி கேட்கிறான்:

"ஏற்கெனவே ரெண்டு இருக்குன்னு சொல்லவே இல்ல பாத்தியா, கரெக்டாம்மா?"