முதல் பக்கம்

நேற்று மாலை பாண்டி பஜாரிலிருந்து திரும்பியது முதல் எனக்கு மனம் சரியில்லை. 1,840 ரூபாய்க்கு எழுதுபொருள் வாங்கியதற்கான ரசீது சட்டைப் பையில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் கூட்டல் சரியாகவே வந்து தொலைக்கிறது.

இந்த அநர்த்தத்துக்கு மூலகாரணம் எங்கள் கல்லூரி மலரின் பொறுப்பாசிரியர். முப்பது வருஷங்களாக வகுப்பறையில் நின்று பௌதிகம் பேசிப் பேசித் தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டவன் என்கிற ஒரே யோக்கியதையை உத்தேசித்து, செமஸ்டர் தொடக்கத்தில் ஒழுங்காக இருப்பதற்குப் பத்து யோசனைகள் சொல்லி ஒரு வியாசம் எழுதித் தரவேண்டும் என்று அவர் கேட்க, முகஸ்துதிக்கு மயங்கும் மனித சுபாவத்தின்படி நானும் உடனே ஒப்புக்கொண்டுவிட்டேன். யோசனைகள் பத்தும் பின்னால் வருகின்றன. அவற்றை எழுதுவதற்கு ஒரு நல்ல நோட்டு வேண்டாமா என்ற கேள்விதான் என்னைப் பாண்டி பஜாருக்கு இட்டுச் சென்றது. மூன்றாம் செமஸ்டருக்குப் போகும் என் மகளும் உடன் வந்தாள்.

2019-ஆம் ஆண்டில் அந்த வீதியின் நடைபாதையை அகலமாக்கி அழகாகப் பெஞ்சுகள் போட்டார்களே, அவை எதற்கென்று எனக்கு நேற்றுத்தான் விளங்கிற்று. எழுதுபொருள் கடைக்குள் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தகப்பன்மார் உட்கார்ந்திருப்பதற்கு. அந்த விவேகம் இல்லாமல் நானும் உள்ளே போனேன். ஹைலைட்டர் பேனாக்கள் ஆறு நிறத்தில் ஒரு பெட்டி.

"மஞ்சள் ஒன்று போதாதா அம்மா?"

"அப்பா, ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு கலர்."

"யூனிட் ஐந்துதானே?"

"ஆறாவது, முக்கியமானதுக்கு."

இதற்குமேல் தர்க்கம் செய்ய முடியாது. நானும் அப்படியொன்றும் பரிசுத்தன் அல்ல. பச்சை மசிப் பேனா ஒன்றை, அது கெஜட்டட் அதிகாரிகளின் ஏகபோக உரிமை என்ற ஐதீகம் தெரிந்திருந்தும், ஒருவரும் பார்க்காத சமயத்தில் கூடைக்குள் நழுவவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மகள் முதல் பக்கம் எழுத உட்கார்ந்தாள். வாசகர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை, நீங்களும் எழுதியவர்கள்தாம். மேலே நடுவில் பிள்ளையார் சுழி. அதன் கீழே பெயர். பிறகு பாடத்தின் பெயர், பாடத்தின் குறியீட்டெண், செமஸ்டர், வருஷம். எல்லாவற்றுக்கும் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. ஆயுள் முழுவதும் காக்கைக் கிறுக்கலாய் எழுதி வந்தவனுக்குக்கூட, தாலி கட்டும் வேளையில் மாப்பிள்ளைக்கு வரும் பணிவைப்போல, முதல் பக்கத்தில் மட்டும் எங்கிருந்தோ ஒரு கையெழுத்து வந்து சேருகிறது. அந்தக் கையெழுத்துக்கு ஆயுள் ஒரு பக்கம். மிகவும் சிரத்தையுள்ள மாணவர்களிடம் ஒன்றேகால் பக்கம் வரை போனதுண்டு.

முதல் பக்கத்தில் பிழை நேர்ந்துவிட்டால் அடிக்கலாமோ? கூடாது. முதல் பக்கத்தில் அடித்தல் அபசகுனம். வெள்ளை பூசி மறைக்கலாமோ? அது பொய்ப் பல் கட்டிக்கொண்ட மணப்பெண். கிழிப்பதுதான் சம்பிரதாயம். என் மகள் பாடக் குறியீட்டெண்ணில் ஓர் எண்ணை மாற்றி எழுதிக் கிழித்தாள். கோடு சாய்ந்தது, கிழித்தாள். கோடு நேராக இருந்தும் சிவப்பு மை பரவிற்று, கிழித்தாள். நான்காம் முறை, எல்லாம் சரியாக அமைந்த பிறகு, பெயரைக் கொஞ்சம் பெரிதாக எழுதியிருக்கலாமே என்று அருகிலிருந்து சொன்ன மூடன் யார் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். நடுவில் தைத்த நோட்டின் லட்சணம் உங்களுக்குத் தெரியும்: முன்னால் ஒரு தாளைக் கிழித்தால், அதன் கூடப்பிறந்த தாள் பின்னால் கழன்று, சில நாள் தொங்கி, ஒருநாள் விழுந்துவிடும். ஆகவே ஒரு கிழிசலுக்கு நான்கு பக்கம் நஷ்டம். கடையில் 192 பக்கமாயிருந்த நோட்டு, இன்னும் ஒரு வகுப்பைக்கூடக் காணாமல், இரவு பத்து மணிக்கு 176 பக்கமாயிற்று. இந்தக் கணக்குப்படி முதல் பக்கத்தில் இன்னும் சற்று உயர்ந்த லட்சியம் வைத்திருப்பவர்கள் நோட்டு முழுவதையும் முதல் பக்கமாகவே எழுதி முடித்துவிடலாம்.

ராமானுஜனுக்கு இந்த உபகரணங்கள் ஒன்றும் வாய்க்கவில்லை. காகிதம் விலையாயிற்றே என்று பலகையில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் குறித்தார். 1906-இல் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, கணிதம் தவிர்த்த பாடங்களில் சறுக்கி எஃப்.ஏ. தேறாமல் போனார் என்பதை நான் மகளிடம் சொல்வதில்லை. சொன்னால் அதை வேறு காரியத்துக்கு உபயோகித்துக்கொள்வாள். 1976-இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கண்டெடுத்தாரே, 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' என்று உலகம் கொண்டாடுகிறதே, அது நோட்டே அல்ல. உதிரித் தாள்கள். பெயரில்லை, இரட்டைக் கோடில்லை, ஆறாவது நிறமுமில்லை.

ஒழுங்குக்கும் இந்த ஊரில் பெரியவர்கள் இல்லாமலில்லை. 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1933-இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டு, உலகத்து அறிவு அத்தனைக்கும் இன்ன இடம் என்று வகுத்துக் கொடுத்த எஸ்.ஆர். ரங்கநாதன் இங்கே வேலை பார்த்தவர்தாம். ஆனால் ரங்கநாதன் என்றால் நம் பிள்ளைகளுக்குத் தியாகராய நகர்த் தெருதான் ஞாபகத்துக்கு வருகிறது. பண்டிகைக் காலத்தில் அந்தத் தெருவுக்குள் போன மனிதரை எந்தப் பகுப்புமுறையாலும் கண்டுபிடிக்க முடியாது.

டைம்டேபிள் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். வாரத்தைக் கொண்டு போடப்பட்ட டைம்டேபிளானால் கிழமை தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான். எங்கள் கல்லூரியில் டே ஆர்டர். செவ்வாய்க்கிழமை இரண்டாம் நாளாக இருக்கலாம், ஐந்தாம் நாளாகவும் இருக்கலாம். கார்த்திகை மழைக்கு விடுமுறை விட்டால் திதி தள்ளிப்போவதுபோல எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகும். மயிலாப்பூர் மாட வீதியில் பஞ்சாங்கம் விற்கிறவர்கள் இதையும் ஒரு கட்டத்தில் போட்டு, ராகு காலத்துக்குப் பக்கத்தில் அச்சடித்துவிட்டால் புண்ணியமாய்ப் போகும். முப்பது வருஷமாகியும், காலையில் கல்லூரி வாசலில் நுழைந்ததும் காவலாளியிடம் "இன்றைக்கு என்ன டே ஆர்டர்?" என்றுதான் கேட்கிறேன். அவர் ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை.

இனி யோசனைகளுக்கு வருவோம். முதலாவது, வேண்டாத பழைய நோட்டுகளை அப்புறப்படுத்துக என்பது. அனுஷ்டிக்காததை உபதேசிக்கலாகாது என்ற கொள்கையினால், இன்று காலை பரணில் ஏறினேன். இறங்கும்போது ஒரு மூட்டை நோட்டும், முழங்காலில் ஒரு சிராய்ப்பும், மனைவியிடம் கொஞ்சம் வசவும் கிடைத்தன. மூட்டையில் 1986-ஆம் வருஷத்து என் பி.எஸ்ஸி. பௌதிக நோட்டு இருந்தது. முதல் பக்கம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். இரண்டாம் பக்கத்தில் வெப்ப இயக்கவியல் பாதி வரை வந்து, ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றிருக்கிறது. பேராசிரியர் நிறுத்தினாரா, நான் நிறுத்தினேனா தெரியவில்லை. அதன் பிறகு வெள்ளை. கடைசிப் பக்கம் மட்டும் நெருக்கமாக நிரம்பியிருந்தது: கையெழுத்துப் பயிற்சி முப்பது, புத்தகக் கிரிக்கெட் மூன்று ஆட்டம். மூன்றிலும் ஸ்ரீகாந்துக்குச் சதம்.

வெள்ளைத் தாள்களை உருவி ரஃப் நோட்டாகத் தைக்கலாம் என்றார் மனைவி. என் தகப்பனார் அப்படித்தான் செய்தார். வருஷா வருஷம் கோணி ஊசியும் சணலுமாக உட்கார்ந்து அவர் தைத்துக் கொடுத்த நோட்டில்தான், முதல் பக்கம் என்ற ஒன்றே இல்லாத காரணத்தாலோ என்னவோ, நான் கொஞ்சமாவது படித்தேன். ஆனால் கோணி ஊசியை ஒழுங்காக ஓர் இடத்தில் வைத்திருக்கிறேன். அந்த இடம்தான் அகப்படவில்லை. பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டோம். அவர் தராசில் வைப்பதற்கு முன் ஒவ்வொரு நோட்டாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், வாத்தியார் வூடுன்னு சொன்னாங்க, எல்லாம் ஒரு பக்கத்தோட நின்னுகீது?" என்றார். பதினோரு கிலோ. எழுதின தாளுக்கும் எழுதாத தாளுக்கும் ஒரே விலைதானாம்.

மலர் ஆசிரியர் காலையிலிருந்து இரண்டு முறை தொலைபேசியில் அழைத்துவிட்டார். நாளைக்குள் அச்சுக்குப் போக வேண்டுமாம். புதிய நோட்டில் தலைப்பு தயாராக இருக்கிறது: பச்சை மசியில், நடுவில், இரட்டைக் கோட்டுடன். மிகவும் நன்றாக வந்திருக்கிறது. இரண்டே முறைதான் கிழித்தேன்.