சாந்த்ராகாச்சியிலிருந்து பி.ஜி.க்கு

ஹௌராவை அடுத்த சாந்த்ராகாச்சியில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த எங்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் இரண்டுதான். ஒன்று கார்டன் ரீச்சில் இருக்கும் ரயில்வே ஆஸ்பத்திரி. அப்பாவின் மெடிக்கல் கார்டில் பெயர் இருந்தால்தான் அங்கே போகமுடியும். இன்னொன்று பி.ஜி. கல்கத்தா ரேஸ்கோர்ஸுக்குப் பக்கத்தில், யார் வேண்டுமானாலும் போகக்கூடிய சர்க்கார் ஆஸ்பத்திரி. பிரசிடென்ஸி ஜெனரல் என்ற பழைய பெயர் 1954இல் சேட் சுக்லால் கர்னானி நினைவு மருத்துவமனை என்று மாறியது. ஊர் வாயில் இன்றும் அது பி.ஜி.தான்.

1983இல் கும்பகோணத்திலிருந்து வேலை தேடி வந்திருந்த சித்தப்பா, லோக்கல் ரயில் ஃபுட்போர்டிலிருந்து சறுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அவர் பெயர் அப்பாவின் கார்டில் கிடையாது. "பி.ஜி.க்குக் கொண்டு போங்க, யோசிக்காதீங்க" என்று பக்கத்து குவார்ட்டர்ஸ் பௌதி (வங்காளத்தில் அண்ணி) தன் வீட்டுப் பழைய புடவையைக் கிழித்துக் கொடுத்தாள். காலை மூங்கில் பத்தையோடு சேர்த்துக் கட்டி, டாக்சியின் பின்சீட்டில் படுக்கவைத்தோம். தலை அப்பா மடியில், கால் என் மடியில்.

கங்கைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் பி.ஜி. காக்கை பறக்கும் தூரம் கொஞ்சம்தான். ஆனால் பக்கத்தில் கடக்க இருந்தது 1943இல் திறந்த ஹௌரா பாலம் ஒன்றே. ஆந்துல் ரோடு, ஷிப்பூர், ஹௌரா மைதான் என்று வடக்கே போய், பாலத்தில் மாட்டுவண்டிக்கும் டிராமுக்கும் நடுவே ஊர்ந்து, டல்ஹௌசி வழியாகத் திரும்பத் தெற்கே வரவேண்டும். சௌரங்கியில் மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளங்கள் வேறு. டாக்சி குலுங்கும்போதெல்லாம் சித்தப்பா முருகா என்றார். 1972இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய இரண்டாவது பாலம் அப்போதும் முடிந்திருக்கவில்லை.

எலும்பு முறிவு வார்டில் அவருக்குக் கட்டில் கிடைத்தது. காலைக் கப்பியில் தூக்கி, மறுமுனையில் காஸ் துணி சுற்றிய செங்கற்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். எலும்பு நேராகச் சேர அந்தச் செங்கற்களின் எடைதான் வைத்தியம். ரவுண்ட்ஸ் வந்த இளம் டாக்டர் தினமும் குனிந்து, செங்கல் தரையைத் தொடாமல் அந்தரத்தில் இருக்கிறதா என்று கையை நுழைத்துப் பார்ப்பார். தொட்டால் இழுவை போய்விடும். அந்தக் கை நுழையும் காட்சி எனக்கு இன்னும் மறக்கவில்லை. வலப்பக்கக் கட்டிலில் பவுரியா சணல் ஆலைத் தொழிலாளி, இடப்பக்கம் சுந்தரவனத்து மீனவர். சாயங்காலப் பார்வை நேரத்துக்கு அம்மா டிபன் கேரியரில் ரசம் சாதம் கொடுத்தனுப்புவாள். மீனவருக்கு ரசம் பிடித்துப்போனது. சித்தப்பா வங்காளம் கற்றது அவரிடம்தான். எழுந்து நடந்ததும் லேக் மார்க்கெட்டில் ஒரு மெஸ்ஸில் கணக்கெழுதப் போனார், அங்கேயே தங்கிவிட்டார். பணமென்று நாங்கள் கொடுத்தது டாக்சிக்குத்தான்.

இதே வளாகத்தில் ஒரு காலத்தில் அந்த மூவரில் ஒருவர்கூடக் கட்டிலில் படுத்திருக்க முடியாது. 1768இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்த இடத்தைத் தோட்ட வீட்டோடு வாங்கியது; 1770இலிருந்து இங்கே ஆஸ்பத்திரி நடக்கிறது. நெடுங்காலம் அது ஐரோப்பியர்களுக்கானது. தோட்டத்தை விற்றவர் ஜகரியா கீர்நாண்டர் என்ற ஸ்வீடன் நாட்டுப் பாதிரியார். அவருக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. கல்கத்தாவுக்கு வருவதற்கு முன் கிட்டத்தட்ட பதினெட்டு வருஷம் கடலூரில் ஊழியம் செய்தவர் அவர். 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் கடலூரைப் பிடித்ததும் வங்காளத்துக்குக் கப்பலேறினார். கடலூரை இழந்தவரின் தோட்டத்தில், இருநூறு வருஷம் கழித்து, கும்பகோணத்துக்காரர் ஒருவர் இலவசமாகக் கால் சேர்த்துக்கொண்டார் என்பதில் எனக்கு நியாயமான ஒரு சந்தோஷம் உண்டு.

வளாகத்தின் மதிலில் ரொனால்ட் ராஸுக்கு ஒரு நினைவு வாயில் இருக்கிறது. மலேரியா கொசு வழியாகப் பரவும் விதத்தை 1898இல் அவர் கண்டறிந்த சின்ன ஆய்வுக்கூடம் அங்கிருந்து எழுபது கஜ தூரத்தில் இருந்தது என்று கல்லில் பொறித்திருக்கிறார்கள். முந்தைய வருஷம் செகந்திராபாதில் கொசுவின் வயிற்றில் மனித மலேரியாக் கிருமியைக் கண்டவர், இங்கே பறவைகளை வைத்துச் சோதித்து, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர்வதைப் பார்த்தார். 1902இல் நோபல் பரிசு. 1927இல் வாயிலைத் திறந்துவைக்க அவரே வந்தார். எங்கள் ஏரிக்கரைக் காலனியில் மழை முடிந்தால் வீட்டுக்கு ஒரு காய்ச்சல் கேஸ் உண்டு. இப்போது மலேரியாவைவிட டெங்குவுக்குப் பயப்படுகிறோம். ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு நிற்பவர்கள் அந்தக் கல்லைக் கடந்துதான் போகிறார்கள்.

1992 அக்டோபர் 10இல் அந்த இரண்டாவது பாலமான வித்யாசாகர் சேது திறந்தது. கோனா எக்ஸ்பிரஸ்வே அதோடு சேர்ந்ததும் சாந்த்ராகாச்சிக்கு பி.ஜி. பக்கத்து வீடு மாதிரி ஆயிற்று. ஹௌராவைத் தொடாமலேயே போய்விடலாம், பத்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆஸ்பத்திரியும் வளர்ந்திருக்கிறது. 1957இல் அங்கே தொடங்கிய முதுகலை மருத்துவக் கல்வி நிறுவனம் இன்று சிறுநீரகம், கல்லீரல் மாற்று அறுவை செய்கிறது. தீக்காயத்துக்குத் தோல் வங்கி, குறைமாதக் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் வங்கி, விபத்துக்குத் தனி ட்ராமா கேர் கட்டடம் எல்லாம் உண்டு. புறநோயாளிகளுக்கான அவுட்டோர் டிக்கெட் இரண்டே ரூபாய்.

ஆனால் அந்த இரண்டு ரூபாய் டிக்கெட்டுக்கு விடியுமுன்னே வரிசை. புருலியாவிலிருந்தும் முர்ஷிதாபாதிலிருந்தும் இரவே வந்து, பிளாஸ்டிக் விரிப்பில் மரத்தடியில் படுத்திருக்கிறார்கள். கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்த பொரி ஒரு காகிதப் பொட்டலத்தில் கைமாறுகிறது. எக்ஸ்ரே கவரை மடங்காமல் மார்போடு அணைத்தபடி ஒருத்தி உட்கார்ந்தே தூங்குகிறாள். இத்தனை பேரும் எதற்காக இங்கே வரவேண்டும் என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் ஒரே வார்த்தை, 'ரெஃபர்'. கிராமத்து ஆஸ்பத்திரி மாவட்டத்துக்கு எழுதுகிறது, மாவட்டம் கல்கத்தாவுக்கு எழுதுகிறது. அன்று கங்கை குறுக்கே இருந்ததால் எங்களுக்கு பி.ஜி. தூரமாக இருந்தது. இன்று பாலம் இருக்கிறது, கூட்டம் அதைத் திரும்பத் தூரமாக்கிவிட்டது. இந்தக் குற்றத்தை நான் பி.ஜி. மேல் சுமத்தமாட்டேன். வாசலுக்கு வந்தவரை உள்ளே விடுகிற ஆஸ்பத்திரிக்குத்தானே கூட்டம் வரும்?

சாந்த்ராகாச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் ரயிலில் ஏறிப்பாருங்கள். பெட்டிக்குப் பெட்டி ஃபைல்களோடு வங்காளக் குடும்பங்கள், வேலூர் சி.எம்.சி.க்கு. நான் தமிழன் என்று தெரிந்ததும் ரிப்போர்ட்டை நீட்டி, "காக்கு, அங்கே எத்தனை நாளில் டேட் கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். கல்கத்தா, சென்னை இரண்டு ஊரிலும் பழம்பெரும் சர்க்கார் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரி 1835 ஜனவரி 28இல் பிறந்தது, சென்னையுடையது அதே வருஷம் பிப்ரவரி 2இல். அப்படிப்பட்ட கல்கத்தாவைச் சுற்றி இருப்பவர்கள் நிலத்தை அடகுவைத்து ஆயிரத்தறுநூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறார்கள் என்பது எனக்கு வலிக்கிறது. வேலூரின் நல்ல பெயரில் எனக்குக் குறையில்லை. வீட்டுப் பக்கத்தில் நம்பிக்கை கிடைக்காததுதான் குறை.

இரண்டு குளிர்காலத்துக்கு முன், புடவை கிழித்துக் கொடுத்த அதே பௌதியின் வீட்டுக்காரருக்குக் காலையில் பக்கவாதம். வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. மகன் பதறிப்போய் அருகிலிருந்த ஒரு நர்ஸிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். முன்பணம் கேட்டார்கள், கட்டினான். பிறகு 'ரெஃபர்' என்று காகிதம் கொடுத்தார்கள். ஆம்புலன்ஸ் சாந்த்ராகாச்சி ரயில்வே மேம்பாலத்திலேயே லாரிகளுக்குப் பின்னால் நின்றுவிட்டது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். பி.ஜி.யோடு சேர்ந்த பாங்குர் நரம்பியல் நிலையத்தை அடைந்தபோது அந்த நேரம் கடந்திருந்தது. நன்றாகத்தான் பார்த்தார்கள், உயிர் பிழைத்தார். டீக் கோப்பையை இப்போது இடது கையில்தான் பிடிக்கிறார்.

2024 ஆகஸ்டில் கல்கத்தாவின் ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் வன்புணர்வு செய்து கொல்லப்பட்டபின் தெருவுக்கு வந்த இளம் டாக்டர்களின் கோரிக்கைகளில் இரண்டு எங்களைப் போன்றவர்களுக்கானவை. எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை கட்டில் காலி என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். கட்டில் உறுதியான பிறகே நோயாளியை அனுப்ப வேண்டும். நீதி கேட்டு நின்றவர்கள் இதையும் சேர்த்துக் கேட்டார்கள் என்பதை இந்த ஊர் மறக்கக்கூடாது.

பாங்குர் நிலையத்து டாக்டர்கள் இதற்கு முன்பே ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். 'ஸ்வாஸ்த்ய இங்கித்' என்ற திட்டத்தில், பக்கவாத நோயாளியின் சி.டி. ஸ்கேன் படத்தை மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து கணினி வழியே அனுப்புகிறார்கள். கல்கத்தாவிலிருக்கும் நரம்பியல் மருத்துவர் பார்த்துச் சொன்னதும் ஊசியை அங்கேயே போடுகிறார்கள். நோயாளி எந்தப் பாலத்தையும் தாண்டவேண்டியதில்லை. பௌதியின் மகனுக்கு இதைச் சொன்னேன். காலனியில் யாருக்காவது முகம் கோணினால் முதலில் ஸ்கேன் இருக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும், மணி பார்த்துக் குறித்துக்கொள்ளவேண்டும் என்று வங்காளத்திலும் தெலுங்கிலும் எழுதி கிளப் வாசலில் ஒட்டியிருக்கிறான். தமிழில் நான் எழுதிக் கொடுத்தேன்.