பாதுகைப் பண்டிதர்

காலை ஐந்தே முக்காலுக்கு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனால், ஷ்மிட் நினைவு மண்டபத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சிமென்ட் திண்டில் அவர் உட்கார்ந்திருப்பார். வயது அறுபத்திரண்டு. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மணிக்கட்டில் இதயத் துடிப்பெல்லாம் காட்டும் கடிகாரம். பனியனில் ‘ஃபினிஷர்’ என்று எழுதியிருக்கும், பனியன் மருமகனுடையது. காலில் நீல வார் போட்ட ரப்பர் செருப்பு.

அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கணுக்காலுக்குக் கீழேதான் அவருக்கு உலகம். நாலு வருஷமாகப் பழகுகிறேன். நான் மீசையை எடுத்துவிட்டுப் போன அன்று அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. லேஸ் மாற்றிய அன்று மட்டும், “என்ன சார், தட்டை லேஸை விட்டு உருட்டு லேஸுக்கு வந்துட்டீங்க?” என்று துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டார்.

இவர் பெசன்ட் நகருக்கு மட்டும் வாய்த்த பாக்கியம் இல்லை. கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊர்ப் பூங்காவிலும் தேடினால் கிடைப்பார். நாலு பேர் ஓட ஆரம்பித்தால், ஐந்தாவது ஆள் உட்கார்ந்துகொண்டு அந்த நாலு பேரின் ஷூவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார். ஸ்ரீரங்கத்து அரங்கனின் பாதுகைகள் மேல் வேதாந்த தேசிகர் ஒரே இரவில் 1008 சுலோகம் பாடினார் என்பார்கள். நம் பண்டிதருக்கு ஷூவின் குதிகால் பகுதிக்கே அவ்வளவு வேண்டியிருக்கும்.

நான் அவரிடம் மாட்டியது ஒரு மார்கழி மாதம். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, கொஞ்சம் ஓடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகனுடைய பழைய ஷூவை மாட்டிக்கொண்டு மூச்சு வாங்க வந்தவனை அவர் கை காட்டி நிறுத்தினார்.

“ஷூவைக் கழட்டுங்க சார். அதோ அந்த ஈர மணல்ல பத்தடி நடந்துட்டு வாங்க.”

வைத்தீஸ்வரன்கோயிலில் ஓலை பார்க்கக் கட்டைவிரல் ரேகையைக் கேட்பார்கள். இவர் காலடியைக் கேட்டார். அடுத்த அலை வருவதற்குள் குனிந்து பார்த்து, தோசைக்கல்லில் ஊற்றிய மாவு மாதிரி பரவியிருந்த என் தடத்தை விரலால் சுற்றிக் காட்டினார்.

“உள்வளைவையே காணோமே! தட்டைப் பாதம். ஓவர் ப்ரோனேஷன்.” கொஞ்சம் நிறுத்தி, “வீட்ல வேற யாருக்காவது இருக்கா?” என்றார்.

கேட்ட தொனியில் எனக்கு வியர்த்துவிட்டது. அவரே ஆறுதலும் சொன்னார். ஊன்றும்போது எல்லார் பாதமும் கொஞ்சம் உள்பக்கம் சாயும். அதிர்ச்சியைத் தாங்க உடம்பு செய்துகொண்ட ஏற்பாடு அது. ரொம்பச் சாய்கிறவர்களுக்காக உள்பக்கம் மட்டும் கெட்டி நுரை வைத்து முட்டுக்கொடுத்த ஷூ இருக்கிறதாம். அதற்கு ‘ஸ்டெபிலிட்டி’ என்று பெயர். மற்றவர்களுக்கு ‘நியூட்ரல்’. ஐம்பத்தொரு வயது வரைக்கும் நான் முட்டுக்கொடுக்க வேண்டிய ஆள் என்பது எனக்கே தெரியாமல் போயிருந்தது.

அன்று சாயங்காலமே கடைக்குக் கூட்டிப் போனார். ஷூவைச் சாயங்காலம்தான் வாங்க வேண்டும் என்பது அவர் விதி. பகல் முழுக்க நின்று நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். வீட்டிலிருந்தே ஓட்டத்துக்குப் போடும் சாக்ஸை எடுத்து வரச் சொன்னார். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்குத்தான் ஷூ, சின்னக் கால் அனுசரித்துப் போகட்டும் என்றார். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று என் கால் நுனியை அழுத்தி அழுத்திப் பார்த்தார். மாப்பிள்ளை அழைப்பில்கூட என் காலை யாரும் இவ்வளவு மரியாதையாகத் தொட்டதில்லை.

கடைப் பையன், “எந்த பிராண்டு சார் பாக்கறீங்க?” என்று கேட்டுவிட்டான்.

“பிராண்டைக் கேக்காதே தம்பி. டிராப் எவ்வளவுன்னு கேளு.”

டிராப் என்றால் குதிகால் முன்பாதத்தைவிட எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்ற கணக்கு. பத்து உண்டு, எட்டு, நாலு, ஒன்றுமே இல்லாத பூஜ்யமும் உண்டு. குதிகால் இறங்க இறங்கப் பாரம் முழங்காலை விட்டுக் கெண்டைக்கால் சதைக்கும் குதிநரம்புக்கும் போகும். “நாப்பது வருஷமா நாற்காலியில உக்காந்த கெண்டைக்கால் சார் இது. திடீர்னு பூஜ்யத்துக்குப் போனா கோவிச்சுக்கும்,” என்று என் சார்பில் பத்தைத் தேர்ந்தெடுத்தார். ஏழு ஜோடியை மாட்டிக் கடைக்குள்ளேயே ஓடவிட்டார். நாலாவது ஜோடியில் நான் ஒரு பொம்மை மேல் மோதி, அதன் கையைத் தனியே கொண்டுவந்து கல்லாவில் கொடுத்தேன்.

அந்தப் பையனுக்குச் செய்யாறு பக்கம் ஊர். அங்கே சிப்காட்டில் ஷூ தொழிற்சாலை இருக்கிறது. அவன் அக்காவுக்கு அதில் அடிப்பாகம் ஒட்டும் வேலை. உலகமெல்லாம் ஓடுகிற ஷூவை ஒட்டுகிறவள் தம்பி என்று தெரிந்ததும் பண்டிதர் முதல்முறையாக ஒருவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“அக்கா ஒண்ணு சொல்லும் சார். வாங்குனா போட்டுத் தேச்சுரணுமாம். போடாம வெச்சிருந்தா கெட்டுரும்னு சொல்லும்.”

“அதெல்லாம் மட்ட சரக்குக்குப்பா,” என்று பண்டிதர் அந்தப் பேச்சை அங்கேயே மூடிவிட்டார்.

அவர் ஏன் மூடினார் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் காபி குடித்தபோது புரிந்தது. கூடத்து ஷோகேஸில் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்கும் பேத்தியின் பரிசுக் கோப்பைக்கும் நடுவில் ஒரு ஜோடி ஓட்டக் காலணி, அட்டைப்பெட்டி மேல் ஏற்றி வைத்திருந்தது. சிங்கப்பூரிலிருந்து தம்பி வாங்கி வந்ததாம். தரையே பார்க்காத ஷூ. “சரியான ரேஸ் ஒண்ணு வரட்டும்னு வெச்சிருக்கேன்,” என்றார் பண்டிதர். டம்ளரை எடுக்க வந்த அவர் மனைவி, “அயோத்தியில பாதுகையை வெச்சு ஆண்டது பதினாலு வருஷம். இங்க பதிமூணு ஆயிருக்கு. ராமர் இன்னும் கிளம்பலை,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தான் ஓடாவிட்டால் என்ன, அவரிடம் வருகிறவர்களுக்குக் குறைவில்லை. ஒரு மென்பொருள் இளைஞன் கார்பன் பிளேட் வைத்த ஷூவில் வருவான். இருபதாயிரத்துக்கு மேல் விலை. 2019-இல் வியன்னாவில் மாரத்தான் வீரர் கிப்சோகே 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடிக் காட்டியபோது அவர் காலில் இருந்தது அந்த ஜாதி ஷூதான். மறு வருஷமே உலக தடகள அமைப்பு, சாலை ஓட்டத்துக்கு அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, உள்ளே ஒரு தகடுதான் இருக்கலாம் என்று வரம்பு கட்டிவிட்டது. கிப்சோகே மொத்த ஓட்டத்தையும் முடிக்கும் நேரத்தில் நம் பையன் லேஸ் கட்டி, செல்ஃபி எடுத்து, அடையாறு பாலம் வரை போய்த் திரும்பி இளநீர்க்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருப்பான். பண்டிதர் அவன் ஷூவை வாங்கி வளைத்துப் பார்த்துவிட்டு, “அம்பாசடர் காருக்கு ஜெட் இன்ஜின்,” என்று திருப்பிக் கொடுத்தார்.

98 கிலோ எடையுள்ள ஒரு ஒப்பந்தக்காரருக்கு இலவம்பஞ்சு மெத்தை கனத்தில் ஒன்று சிபாரிசு செய்தார். மனிதர் இன்றைக்கும் கட்டிலிலிருந்து இறங்காதவர் போலவே ஓடுகிறார். பழைய மகாபலிபுரம் சாலையில் ஓடுகிற ஒருவர் கேட்டபோது, மலைப்பாதைக்கென்று அடியில் பல் பல்லாக வைத்துச் செய்கிற டிரெயில் ஷூவை வாங்கச் சொன்னார். நான் சிரித்தேன். மெட்ரோவுக்காகத் தோண்டிய இடங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வந்த பிறகு சிரிக்கவில்லை.

அபெபே பிகிலாவைத்தான் அவர் அதிகம் வேலை வாங்குவார். அந்த எத்தியோப்பியர் 1960-இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடி ஜெயித்தார். 1964-இல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி மறுபடியும் ஜெயித்தார். ‘பார்ன் டு ரன்’ படித்துவிட்டுச் செருப்பையே துறந்த பொறியாளர் ஒருவர் வந்து, மனிதன் வெறுங்காலில் ஓடப் பிறந்தவன் என்றால் பண்டிதர் டோக்கியோவை எடுப்பார். எதிராளி விலையுயர்ந்த ஷூவைக் காட்டிப் பெருமையடித்தால் ரோமை எடுப்பார். இருவரும் ஒன்றாக வந்த அன்று பிகிலாவை விட்டுவிட்டு, வெறுங்காலோடு ஓடிப் பேர்பெற்ற நம் சிவநாத் சிங்கைப் பிடித்தார். 1978-இல் ஜலந்தரில் அவர் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தான் முடித்ததைச் சொல்லி, தேசபக்தியில் இருவரையும் எழுந்து நிற்க வைத்து அனுப்பிவிட்டார்.

ஊரூர்க் குப்பத்துப் பையன்கள் மணலில் பந்து துரத்திக்கொண்டு வெறுங்காலில் பறப்பார்கள். அப்போது மட்டும் அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார்.

அவரைக் கவிழ்க்கப் பார்த்த ஒரே ஆள், பிசியோதெரபி படித்த ஒரு பெண். அவளிடம் அவர், பெண்களுக்கென்று தனி ஷூ வெறும் ரோஸ் கலர் வியாபாரம், ஆண்கள் ஷூவிலேயே சின்ன சைஸ் போதும் என்று சொல்லிவிட்டார். பெண்கள் பாதத்தில் முன்பகுதியோடு ஒப்பிட்டால் குதிகால் ஒடுக்கம், சின்ன சைஸ் போட்டால் பின்னால் கழன்று கழன்று வரும் என்று அவள் ஆரம்பித்தாள். அதோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் தரைப்படை, விமானப்படை, மரைன் மூன்றிலும் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒரு பாதிக்குப் பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்தார்களாம், மறுபாதிக்கு எதையும் பார்க்காமல் ஒரே வகை. அடிபட்டதில் சொல்லும்படி வித்தியாசம் இல்லையாம். கால்கரி பல்கலைக்கழகத்து பென்னோ நிக் என்ற ஆராய்ச்சியாளர், போட்டதும் காலுக்குச் சுகமாக இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், பாதம் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும் என்கிற மாதிரி எழுதியிருக்கிறாராம்.

திண்டில் வெகுநேரம் சத்தமில்லை. என் உள்பக்க முட்டுக்கொடுப்பு அன்று எனக்கே உறுத்தியது. மறுநாள் காலை போனால், புதிதாக வந்த ஒருவரிடம் பண்டிதர் சொல்லிக்கொண்டிருக்கிறார்: “ஈர மணல், வளைவு எல்லாம் பழைய கதை சார். மரைன்லயே பாத்துட்டாங்க. காலுக்குச் சுகமா இருக்கா? அவ்ளோதான். நான் இதை ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கேன்.”

நன்றி மறக்கக்கூடாது. ஓட்ட ஷூக்களில் பெரும்பாலும் கணுக்கால் பக்கத்தில் கடைசியாக ஒரு ஓட்டை தனியே தள்ளி இருக்கும். தயாரித்தவர்கள் தவறிப் போட்டது என்று நான் நினைத்திருந்தேன். ஒருநாள் அவர் தரையில் உட்கார்ந்து, லேஸை அதே பக்கத்து ஓட்டையில் விட்டுச் சின்ன வளையம் பண்ணி, எதிர் லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினார். குதிகால் ஷூவோடு ஒட்டிக்கொண்டது. அன்றோடு என் பெருவிரல் நகம் கறுப்பது நின்றது. சுமார் 500 கிலோமீட்டர் தாண்டியதிலிருந்து ஷூவைச் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டும், 800-க்கு மேல் இழுக்கக்கூடாது, மழையில் நனைந்தால் வாஷிங் மெஷினில் போடாமல் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வைக்க வேண்டும், எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும்.

போன ஜனவரியில் மெரினாவில் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டம். பதினாலாவது வருஷம். மனைவி என்ன சொன்னாரோ, ராமர் கிளம்பிவிட்டார். ஷோகேஸ் ஷூவில், கடைசி ஓட்டை வரை லேஸ் கட்டி, நேப்பியர் பாலத்தருகே என் பக்கத்தில் வந்து நின்றார். ஆரம்பத்தில் நிதானமாகத்தான் போனோம். அண்ணா சமாதி தாண்டியதும் அவர் காலடிச் சத்தம் மாறியது. முதலில் சப் சப் என்றது, பிறகு சோற்றை மிதிக்கிற மாதிரி ஒரு ஓசை. திரும்பிப் பார்த்தால் ரோட்டில் புளியோதரைப் பொட்டலம் சிந்தியது போல மஞ்சளாகப் பொடிப்பொடியாகக் கிடக்கிறது. உழைப்பாளர் சிலை வருவதற்குள் வலது கால் அடிப்பாகம் முழுசாகக் கழன்று அவர் பின்னால் தங்கிவிட்டது. இருபது அடி தள்ளி இடது காலும் ராஜினாமா செய்தது.

நான் பதறி நின்றேன். அவர் பதறவில்லை. போய் அடியை எடுத்து வந்து, விரலால் நசுக்கினார். ரொட்டித் தூள் மாதிரி உதிர்ந்தது. அவர் முகத்தில் ஒரு ஒளி.

“ஹைட்ரோலிசிஸ்!” என்றார். தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் யாருக்கோ மயக்கம் என்று ஓடி வந்தார்கள். அவர்களையும் நிறுத்தி வைத்துக்கொண்டார். “பாலியூரித்தேன் தம்பி. காத்துல இருக்கிற ஈரம் உள்ள போய் அதோட கட்டுமானத்தையே அறுத்துடும். போட்டு நடந்துட்டே இருந்தா சீக்கிரம் வராது. சும்மா வெச்சிருந்தாத்தான் வரும். அதுலயும் நம்ம சென்னை ஈரம் இருக்கே... செய்யாறுல ஒரு பொண்ணு, ஒட்டுறதே அதுதான் வேலை, அது என்கிட்ட அப்பவே சொல்லிச்சு.”

பின்னால் வந்தவர்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். 98 கிலோ ஒப்பந்தக்காரர் கை ஆட்டிவிட்டுப் போனார். கடைசியாக ஆம்புலன்ஸ் மெதுவாக வந்து, ஓட்டுநர் எட்டிப் பார்த்து, ஆள் அல்ல ஷூதான் போனது என்று தெரிந்து நகர்ந்தது. “ஆட்டோ பிடிக்கலாமா சார்?” என்று கேட்டேன். பதில் இல்லை. சாக்ஸ் காலோடு நின்று, அவர் சிலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். 1959-லிருந்து அந்த நாலு பேரும் அங்கே பாறையைத் தள்ளிக்கொண்டு நிற்கிறார்கள். நான் எத்தனையோ முறை அந்த வழியில் போயிருக்கிறேன், அவர்கள் காலைப் பார்த்ததில்லை.

“சார், அந்தக் கடைசி ஆளைக் கவனிச்சீங்களா?” என்றார் பண்டிதர். “எப்படி ஊன்றியிருக்கார் பாருங்க. அவருக்கு அகலமான முன்பாதம் இருக்கிற ஷூவாத்தான் பாக்கணும்.”